புதுப்பிப்பு: டெல்லியில் கிறிஸ்துமஸ் பலகாரம், முட்டை இல்லாமல்

டெல்லிக்கு ஊழியத்துக்கு வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்க அச்சுமுறுக்குதான் நல்லது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் கேட்டது ஒன்றே: முட்டை இல்லாமல் வருமா? வரும். இங்கே சைவ வீடுகள் நிறைய, அதனால் முட்டையை விட்டுவிடுவதே மேல்.

பச்சரிசி மாவு 2 கப், மைதா கால் கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், உப்பு, கறுப்பு எள். தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைக்கவும்.

டிசம்பர் குளிரில் தேங்காய்ப்பாலின் கொழுப்பு உறைந்து மாவு திடீரென இறுகும். தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், எண்ணெய் குடிக்கும். பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தாலே இளகிவிடும்.

அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். மாவில் முக்கால் உயரம்தான் முக்கணும்; விளிம்பைத் தாண்டினால் முறுக்கு கழலவே கழலாது. மாவு அச்சில் பிடிக்காமல் வழுக்கினால் சூடு போதவில்லை. சீக்கிரம் சிவந்து உள்ளே நமத்தால் சர்க்கரை அதிகம். புது அச்சை இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துப் பழக்குங்கள்.

ஈஸ்டருக்கு இதையே கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். கொடுக்கலாம். சைத்ர நவராத்திரி (வட இந்தியாவில் பங்குனி, சித்திரை வாக்கில் வரும் ஒன்பது நாள் விரதம்) அமாவாசைக்குப் பின் வரும்; ஈஸ்டர் பௌர்ணமிக்குப் பின் வரும், அதனால் இரண்டும் ஒன்றாக விழாது. நவராத்திரி நாட்களில் மட்டும் விரத வீடுகளில் அரிசி, கோதுமை தொடமாட்டார்கள். அப்போது பழம் கொடுங்கள். பாலுக்கு வேண்டிய தேங்காய் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும், ஆட்டிப் பார்த்து வாங்கவும்.