கடலையைக் கிளறும் மயில்கள்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக்குப் பக்கத்தில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, மருந்தடிக்காமல் வெள்ளாமை செய்கிறோம். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் வந்து விதைப்பார்கள், களை பறிப்பார்கள்.

ஆடிப்பட்டத்தில் போட்ட நிலக்கடலை முளைவிட்டதுமே மயில்கள் இறங்கிவிட்டன. வரிசையாக மண்ணைக் கிளறிப் பருப்பைத் தின்றுவிட்டு, முளையைக் காயப் போட்டுவிட்டுப் போகின்றன. பிள்ளைகள் கையால் ஊன்றிய நான்கு பாத்தியும் போச்சு. அதைப் பார்த்து ஒரு சின்னப் பெண் அழுதே விட்டாள்.

விஷம், கண்ணி என்று யாரும் சொல்ல வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் செய்ய மாட்டோம். பட்டாசு வெடித்தால் ஏரித் திட்டுகளில் இருக்கும் பறவைகள் மிரண்டுவிடும். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினோம். நான்கு நாள் பயந்தன, அப்புறம் பழகிவிட்டன. மீன்வலை கட்டினால் பாம்பு, ஓணான் சிக்கிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. வரப்போரம் ஆமணக்கை நெருக்கிப் போட்டால் தடுக்குமா?

ஏற்காடு அடிவாரத்தில் கடலை போடுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்த்துச் சொன்னால் பிள்ளைகளும் கேட்டுக்கொள்வார்கள். இன்னொன்று, புரட்டாசியில் கொள்ளு போட நாட்டு விதை ஐந்து கிலோ யாரிடமாவது கிடைக்குமா?