ஆர்த்தோமொசைக்: தையற்படமா, நிமிர்படக்கோவையா?

வணக்கம்.

ட்ரோன் நில அளவைக்கான சொற்பட்டியலில் 'ஆர்த்தோமொசைக்' (பல ட்ரோன் படங்களை இணைத்து, அளவெடுக்கத்தக்கதாகச் செய்த ஒரே படம்) என்பதற்கான தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. முன்வைக்கப்பட்டவை மூன்று: தையற்படம், செங்குத்துப் படம், வான்படத் தொகுப்பு. மூன்றுமே பொருளைத் தவறவிடுகின்றன என்பது என் கருத்து. பொருளை முதலில் சரியாகப் பிடிப்போம்.

கேமரா உலகத்தை ஒற்றைப் புள்ளியிலிருந்து பார்க்கிறது. அதற்கு நேர்கீழே உள்ள இடம் மட்டுமே உண்மையில் மேலிருந்து தெரிகிறது. மற்றதெல்லாம் பக்கவாட்டில்தான். 100 மீ உயரத்தில் பறக்கும்போது, நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 60 மீ தள்ளி 12 மீ உயரக் கட்டடம் ஒன்று இருந்தால், அதன் கூரை விளிம்பு தன் இடத்தைவிட்டு 8 மீட்டருக்கு மேல் வெளிப்பக்கம் தள்ளிப் பதிவாகும். அடித்தளம் ஓரிடம், கூரை வேறிடம். அந்தப் படத்தின்மேல் அளவுகோல் வைத்து என்ன பயன்? ஆர்த்தோமொசைக் என்பது இந்தச் சாய்வைக் கணக்கிட்டு நீக்கி, ஒவ்வொரு புள்ளியையும் அதன் நேர்மேலிருந்து பார்த்தது போல வைத்த படம். அதில் எங்கு அளந்தாலும் ஒரே அளவுத்திட்டம். இந்தக் கருத்து சொல்லில் இருந்தாக வேண்டும்.

----

> மூன்றுமே பொருளைத் தவறவிடுகின்றன

'தையற்படம்' கூடாது என்பதில் முழு உடன்பாடு. அகலப்பரப்புப் படம் (பனோரமா) செய்யும் செயலிகளும் படங்களைத் தைக்கத்தான் செய்கின்றன. அவை ஓரங்களில் உள்ள வடிவங்களைப் பொருத்தி, இழுத்து, ஒட்டிவிடும். நிலத்தின் மேடுபள்ளம் அவற்றுக்குத் தெரியாது. பார்க்க அழகாக இருக்கும். பரப்பளவு கேட்டால் தவறாகச் சொல்லும்.

இங்கே நடப்பது வேறு. பல படங்களில் தெரியும் பொதுப்புள்ளிகளைக் கொண்டு ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட இடமும் கோணமும் முதலில் கணிக்கப்படுகின்றன. பிறகு அடர்ந்த முப்பரிமாணப் புள்ளித்திரள், அதிலிருந்து மேற்பரப்பு மாதிரி, அந்த மாதிரியின்மேல் படங்களைப் படியவைத்துச் சாய்வு நீக்கம். தையல் கடைசியில்தான் வருகிறது. கடைசி வேலையின் பெயரை முழுப் பொருளுக்கும் வைத்தால், செயலியில் ஒட்டிய படத்தையும் இதையும் ஒன்றென்று படிப்பவர் நினைப்பார்.

'செங்குத்துப் படம்' இன்னும் சிக்கல். கேமராவை நேராகக் கீழ்நோக்கி வைத்து எடுத்த சாதாரணப் படத்துக்கு அந்தப் பெயர் வேண்டும். சாய்கோணப் படத்துக்கு எதிர்ச்சொல் அது. கீழ்நோக்கி எடுத்ததால் மட்டும் சாய்வு போய்விடாது, மேலே சொன்ன 8 மீட்டர் அப்படி எடுத்த படத்தில் வருவதுதான். 'வான்படத் தொகுப்பு' என்றால் ஓர் ஆல்பம், அவ்வளவே.

----

'செம்' என்னும் முன்னொட்டைப் பார்க்கலாமா? செங்கோணம், செங்குத்து, செங்கோட்டு மையம் என்று வடிவியலில் நன்கு ஊன்றிய அடை. செம்படம், செந்நிலப்படம்?

----

> செம்படம், செந்நிலப்படம்

அந்த அடை கோணம், குத்து, கோடு ஆகியவற்றோடு சேரும்போதுதான் நேரான நிலையைக் குறிக்கிறது. படம், நிலம் என்று வந்தால் சிவப்புதான் முந்திக்கொள்ளும். நில வரைபடம் பற்றிய நூலில் 'செந்நிலம்' என்று எழுதினால் செம்மண் நிலம் என்றே எவரும் படிப்பார்கள். 'நேர்படம்' என்றாலோ ஃபிலிம் காலத்து பாசிட்டிவ் குறுக்கே வருகிறது.

நான் முன்மொழிவது 'நிமிர்'. இலங்கைக் கணித நூல்களில் 'நிமிர்கோண' என்னும் அடை ஆர்த்தோகனல் என்பதற்கு ஏற்கனவே இருக்கிறது. அதைவிட முக்கியம், இது வினையாகவும் இயங்கும். நிமிர்த்து, நிமிர்த்தம், நிமிர்த்திய, நிமிர்த்தாத. கணக்கில் நடக்கும் வேலையே சாய்ந்ததை நிமிர்த்துவது. இப்படி ஒரு குடும்பமாக வைக்கலாம்:

உயரச்சாய்வு: உயரமான பொருள் நேர்கீழ்ப் புள்ளியைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்து தெரிவது.
நிமிர்த்தம்: அதை நீக்கும் கணக்கு.
நிமிர்படம்: நிமிர்த்திய ஒற்றைப் படம்.
நிமிர்படக்கோவை: அவற்றைக் கோத்த முழுப்படம், அதாவது ஆர்த்தோமொசைக்.

----

> நிமிர்படக்கோவை

நன்று. இரண்டு தடைகள் மட்டும்.

ஒன்று, நிமிர்ந்து நிற்பது என்றால் சுவர் தெரிய வேண்டும் என்று தோன்றாதா? இந்தப் படத்தில் சுவரே தெரியாது, கூரை மட்டும்தான். இரண்டு, நீளம். களத்தில் நிற்பவர் ஏழெழுத்தைத் தாண்டினால் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுவார். வீட்டில் முழுப்பெயர் ஒன்றும் கூப்பிடும் பெயர் ஒன்றும் இருப்பதுபோல இதற்கும் ஒரு சுருக்கம் வேண்டும். 'கோவை' என்று தனியாகச் சொன்னால் ஊர்ப்பெயர்தான் நினைவுக்கு வரும்.

இதோடு ஜிஎஸ்டி (கிரவுண்ட் சாம்பிள் டிஸ்டன்ஸ்) என்று எல்லோரும் சொல்வதற்கும் ஒரு சொல் தேவை. அந்தச் சுருக்கமும் தமிழில் வரியையே நினைவூட்டுகிறது.

----

முதல் தடைக்கு: சுவர் தெரியாமல் போவதே நிமிர்ந்ததன் அடையாளம். சாய்ந்திருந்தால்தான் பக்கம் தெரியும். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். வெறும் தரைமட்ட மாதிரியைக் கொண்டு நிமிர்த்தினால் நிலம் மட்டும் நிமிரும், கட்டடங்கள் சாய்ந்தபடியே இருக்கும். கூரை, மரம் எல்லாம் அடங்கிய மேற்பரப்பு மாதிரியைக் கொண்டு நிமிர்த்தி, சாய்வில் மறைந்த இடத்தை வேறு படத்திலிருந்து நிரப்பினால்தான் எல்லாம் நிமிரும். முன்னதை நிமிர்படம் என்றும் பின்னதை முழுநிமிர்படம் என்றும் பிரிக்கலாம். சுருக்கமாகப் பேசும்போது 'நிமிர்படம்' போதும், கோவையும் அதில் அடங்கட்டும்.

ஜிஎஸ்டிக்குத் 'தரையலகு'. ஒரு படப்புள்ளி (பிக்சல்) தரையில் மூடும் நீளம் அது. கேமராவின் உணரி அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, குவியத்தூரத்தாலும் படத்தின் குறுக்கே உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால் கிடைக்கும். 13.2 மி.மீ. உணரி, 8.8 மி.மீ. குவியத்தூரம், 5,472 படப்புள்ளி, 100 மீ உயரம் என்றால் சுமார் 2.74 செ.மீ. இதைத் 'தெளிவு' என்று மொழிபெயர்க்க வேண்டாம். எண் குறையக் குறையத் தெளிவு கூடுவதால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

----

> தரையலகு

ஏற்கத்தக்கது. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'தரையலகு 2.74 செ.மீ. உள்ள படம் தரையில் 150 மீ × 100 மீ மூடும். பறக்கும் திசையில் 80 விழுக்காடு மேற்படிவு (அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) வேண்டுமானால் 20 மீட்டருக்கு ஒரு படம். பக்கவாட்டில் 70 விழுக்காடு என்றால் பறப்புக் கோடுகளுக்கிடையே 45 மீ. நொடிக்கு 8 மீ வேகத்தில் திரைவேகம் (ஷட்டர் வேகம்) 1/500 நொடியாக இருந்தால் நகர்வால் வரும் கலங்கல் 1.6 செ.மீ., தரையலகுக்குள் அடங்கும். 1/100 என்றால் 8 செ.மீ., ஏறத்தாழ மூன்று படப்புள்ளி. பொதுப்புள்ளிகள் கிடைப்பது குறையும்.'

சொற்கள் தடுக்கவில்லை. 'மேற்படிவு' மட்டும் பொதுச்சொல்லாக இருப்பதால் அப்படியே விடலாம்.

வரையறையில் நிமிர்த்தம் எங்கே தோற்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். நீர்ப்பரப்பில் அலையும் மினுக்கமும் படத்துக்குப் படம் மாறுவதால் பொதுப்புள்ளி கிடைக்காது, கோவையில் ஓட்டை விழும். காற்றில் ஆடும் மரக்கிளை கரைந்து பூசினாற்போல் வரும். கூரை விளிம்பில் மேற்பரப்பு மாதிரி மழுங்கியிருந்தால் நேர்கோடு அலைபோல நெளியும். கேமரா லென்ஸின் வளைவுப் பிழை சரியாகத் திருத்தப்படாவிட்டால் சமதளமே கிண்ணம்போலக் குழியும். நான்கு மூலையிலும் நடுவிலும் தரைக்கட்டுப்பாட்டுப் புள்ளி (இடம் துல்லியமாக அளக்கப்பட்ட தரைக்குறி) வைப்பதும், சில படங்களைச் சாய்கோணத்தில் எடுப்பதும் அதற்காகத்தான். கணக்கில் சேர்க்காத தனிச் சோதனைப் புள்ளிகளும் வேண்டும். கணக்கில் சேர்த்த புள்ளியை வைத்தே பிழையை அளந்தால் அது பெரும்பாலும் குறைவாகவே காட்டும்.

'சீம்லைன்' (கோவையில் இரு படங்கள் சேரும் கோடு) என்பதற்கு மட்டும் 'தையல்கோடு' இருக்கட்டும். தையல் உண்மையில் நடப்பது அங்கேதான். அதைக் கூரையின் குறுக்கே ஓடவிடாமல் சாலையோரமாகவோ வரப்போரமாகவோ கொண்டுபோக வேண்டும் என்று பதிவிலேயே குறித்துவிடலாம்.