அம்மாவின் சத்திர சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து வைத்திய நிபுணரைச் சந்திக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு மட்டக்களப்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் பித்தப்பைக் கல்லுக்குச் சத்திர சிகிச்சை செய்ய இருக்கிறார்கள். சத்திர சிகிச்சை நிபுணரை நன்கு அறிவோம். மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்டால், "அன்றைக்கு வருபவர்தான்" என்கிறார்கள். அந்தப் பதிலோடு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

காரணம் இருக்கிறது. அம்மாவின் தம்பிக்குக் குடல்வால் சத்திர சிகிச்சை நடந்தபோது, தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் என்ற மருந்து சில நிமிடங்களில் விடுபடாமல், மணிக்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் வைத்திருந்தார்கள். அந்த மருந்தை உடைக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியம் சிலருக்குப் பரம்பரையாகவே குறைவு. கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். மாமாவின் கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிரசவம் எல்லாம் வீட்டிலேயே நடந்ததால் அம்மா இதுவரை மயக்க மருந்தே எடுத்ததில்லை.

இங்குள்ள தாதியர்கள், வைத்தியர்களிடம் கேட்கிறேன்:

மயக்க மருந்து நிபுணரை முன்கூட்டியே சந்திக்க யாரிடம் சொல்ல வேண்டும்? போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் பார்க்க முடியுமா? அந்த நொதியப் பரிசோதனையை எங்கே செய்யலாம்? வருபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா, கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் இத்துறையில் எம்.டி. முடித்தவரா என்று கேட்பது முறைதானே? அதை யாரிடம் கேட்பது?

வைத்தியர்களின் பெயர், தொலைபேசி எண்ணைப் பொதுவில் போட வேண்டாம். உட்பெட்டியில் அனுப்புங்கள்.