'அஞ்சு அடி வாங்கிட்டு வந்தான்' – இது எந்த அடி?

கம்மாய்க்கரை:
வணக்கம் நண்பர்களே, ஒரு குறும்படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் எழுதிட்டு இருக்கேன். வீடியோ இன்னும் கைக்கு வரல, வசனத்த மட்டும் ஆள் ஆளுக்குத் தனித்தனி ஷீட்டா பிரிச்சு அனுப்பிருக்காங்க. அம்மா பேசுற ஷீட்ல ஒரு வரி, 'அவன் அஞ்சு அடி வாங்கிட்டு வந்தான்'. கடையில அளந்து வாங்குனதா, யார்கிட்டயாவது உதை வாங்குனதா? ரெண்டுக்கும் வினை ஒண்ணாத்தான் இருக்கு. நேர்ல பேசும்போது இந்த சந்தேகமே வராதே, எழுத்துல வந்ததும் ஏன் இப்படி ஆகுது?

பனையோலை:
இதுக்கு தொல்காப்பியம் சொல்லதிகாரத்துலயே பதில் இருக்குங்க. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தா 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' பொருள் தெளியும்னு அதோட முதல் இயலான கிளவியாக்கத்துல வருது. உரைகாரங்க 'மா'ங்கிற சொல்ல வச்சே விளக்குறாங்க. மா பூத்துச்சுன்னா வினையே மரம்னு காட்டிருது, மாவும் மருதும் ஓங்கி நிக்குதுன்னா கூட இருக்கிற மரத்தால தெரியுது, கவசம் மாட்டிட்டு நிக்கிறவன் 'மா கொண்டு வா'ன்னா அது குதிரை, அங்க இடமும் ஆளும்தான் பொருள் சொல்லுது. உங்க வரியில வினை கைகொடுக்கல, இனமும் இல்ல, மிச்சம் இருக்கிறது சார்பு மட்டும்தான், அதத்தான் ஷீட் பிரிச்சவங்க வெட்டி எடுத்துட்டாங்க. முன்னபின்ன வசனம் இல்லாம இந்த வரியத் தொடாதீங்க.

ஆத்தோரம்:
பனையோலை சொன்னது சரி, கூடவே வேற்றுமை உருபையும் கவனிங்க. வெறும் 'ஆறு'ன்னா நதியா எண்ணான்னு தெரியாது, ஆனா 'ஆத்துல'ன்னா நதி, 'ஆறுல ஒரு பங்கு'ன்னா எண். படிக்குதுன்னா புத்தகம், படியுதுன்னா தூசி. அப்புறம் பேச்சுல பாதி குழப்பம் பொறக்கவே விடாது, திங்கள்னா நமக்கு கிழமை மட்டும்தான், மத்ததுக்கு மாசம், நிலான்னு தனிச் சொல் வச்சிருக்கோம். பழைய பாட்டு மொழிபெயர்க்கறவங்களுக்குத்தான் மூணும் சேந்து வந்து நிக்கும்.

கணினிக்காரன்:
மெஷின்ல போட்டு மொழிபெயர்த்துப் பாக்கலாம்னு யோசிச்சா ஒண்ணு சொல்றேன். 1960லயே மெஷின் மொழிபெயர்ப்ப ஆராய்ச்சி பண்ணின பார்-ஹில்லல்ங்கிறவர் ஒரு உதாரணம் குடுத்தார், 'பெட்டி பென்னுக்குள்ள இருந்துச்சு'ன்னு. இங்கிலீஷ்ல பென்னுன்னா எழுதுற பேனாவும் உண்டு, குழந்தைய விளையாட விடுற தடுப்பும் உண்டு. பேனாவுக்குள்ள பொம்மைப் பெட்டி நுழையாதுங்கிறது எந்த வாக்கியத்துலயும் எழுதியிருக்காது, நமக்கு உலகம் தெரியும் அதனால புரியுது, மெஷினுக்கு அந்த அறிவு எங்கேருந்து வரும்னு கேட்டார். இப்போ இருக்கிற ஏஐ மாடல்கள் பக்கத்துச் சொல்லையெல்லாம் சேத்துப் பாக்குது, நல்லாவே பிடிக்குது, ஆனா ஒத்த வரி குடுத்தா அதுக்கும் பாக்க ஒண்ணும் இல்ல. முழு சீனையும் வரிசையா குடுங்க.

கம்மாய்க்கரை:
ரொம்ப நன்றிங்க. அப்பா ஷீட்ட எடுத்து நேரத்த வச்சுப் பொருத்திப் பாத்தேன், இதுக்கு முந்தின வசனம் 'வாளி தண்ணியத் தொடல, கயிறு எட்டல'. அப்போ அளவுதான். எல்லா ஷீட்டையும் இதே மாதிரி நேரப்படி ஒண்ணாக் கோத்துட்டுத்தான் மிச்சத்த ஆரம்பிக்கப் போறேன்.