பியர்-டு-பியர் எனர்ஜி டிரேடிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

ஒரு வீட்டார் தம் உபரி மின்சாரத்தை இன்னொரு வீட்டாருக்கு விற்கும் பியர்-டு-பியர் எனர்ஜி டிரேடிங்குக்கு நீங்கள் சொன்ன ‘நேரடி மின்வணிகம்’ காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பாதியுமே இடிக்கிறது.

‘மின்வணிகம்’ என்ற சொல் இ-காமர்ஸுக்கு எப்போதோ போய்விட்டது. மின்னஞ்சலிலும் மின்கம்பத்திலும் ஒரே ‘மின்’ இரண்டு வேலை பார்ப்பதன் வினை. இணையத்தில் புடவை வாங்குவதையும் எதிர்வீட்டுக் கூரையிலிருந்து நாலு யூனிட் வாங்குவதையும் ஒரே பெயரில் அழைக்க முடியாது. ‘மின்மாற்று’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது டிரான்ஸ்பார்மரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ‘மின்சார’ என்று முழுதாக எழுதிவிட்டால் வம்பே இல்லை.

‘நேரடி’தான் எனக்கு உறுத்தல். நியூயார்க்கின் ப்ரூக்ளினில், பிரசிடென்ட் தெருவில், 2016 ஏப்ரலில் ஒரு வீட்டார் தம் சோலார் உபரியை எதிர்வரிசை வீட்டுக்கு விற்றார்கள். எத்தேரியம் என்ற பிளாக்செயினில் (கட்டச்சங்கிலி) பதிவும் ஆனது. இதற்காகத் தெருவின் குறுக்கே தனிக் கம்பி இழுக்கவில்லை. கூரையிலிருந்து வெளியே வரும் மின்னோட்டம் பக்கத்தில் எங்கே மோட்டார் ஓடுகிறதோ அங்கே போய்விடும். யார் யாருக்கு விற்றார்கள் என்பது அதற்குத் தெரியாது. கைமாறுவது கணக்கு மட்டும்தான். கம்பியும் கம்பமும் பழைய மின் நிறுவனத்துடையவை. இதை நேரடி என்றால், நடுவில் யாருமே இல்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

‘கட்டச்சங்கிலி’யைப் பெயருக்குள் நுழைக்க வேண்டாம் என்பதும் என் கட்சி. சுவிட்சர்லாந்தின் வாலன்ஸ்டாட் ஊரில் 2019இல் குவார்ட்டியர்ஸ்ட்ரோம் என்ற சோதனை நடந்தது. 37 வீடுகள் தமக்குள் சோலார் மின்சாரத்தை விற்று வாங்கின. விற்பவர் இதற்குக் குறைந்து தரமாட்டேன் என்றும், வாங்குபவர் இதற்கு மேல் தரமாட்டேன் என்றும் விலை குறித்துவைப்பார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏலம் நடந்து கணக்கு தீரும். மிஞ்சியதை உள்ளூர் மின் நிறுவனம் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கொடுக்கும். இங்கே சாரம் அந்த ஏலம். கட்டச்சங்கிலி அதை எழுதிவைத்த பேரேடு, அவ்வளவே. பேரேட்டை நாளைக்கே மாற்றலாம், சந்தை அப்படியே இருக்கும்.

என் பரிந்துரை: ‘நுகர்வோரிடை மின்சார விற்பனை’.

(ஒரு கொசுறு: பகலில் கிரிட்டுக்குக் கொடுத்துவிட்டு இரவில் அதே யூனிட்டைத் திரும்ப வாங்கும் நெட் மீட்டரிங் இருக்கிறதே, அதற்குக் ‘கைமாற்று’ என்பது கச்சிதம். விலை பேசுவதில்லை, கொடுத்தது திரும்பி வருகிறது.)

---

கைமாற்று அருமை அம்மா, எடுத்துக்கொள்கிறேன். ‘நேரடி’யை விட்டுவிட்டேன்.

ஆனால் ‘நுகர்வோரிடை’யில் ஒரு கேள்வி. நெதர்லாந்தில் வாண்டெப்ரோன் என்ற மின் விற்பனை நிறுவனத்தின் வழியாகக் காற்றாலை வைத்திருக்கும் விவசாயியிடம் மின்சாரம் வாங்குகிறார்கள். அவர் உற்பத்தியாளர் ஆயிற்றே?

---

காற்று விழுந்த நாளில் அவரும் கிரிட்டிலிருந்துதானே எடுக்கிறார், ஐயா? அந்த வகையில் அவரும் நுகர்வோரே. ஆனால் காற்றாலையே பிழைப்பாக நடத்துபவர் இந்தச் சொல்லுக்குள் வரமாட்டார், வரவும் வேண்டாம். அவர் செய்வது சில்லறை விற்பனை. அதற்கு வேறு சொல் இருக்கிறது.

மின்சாரத்தை ஆக்கவும் செய்து நுகரவும் செய்யும் புரோசூமருக்கு ‘ஆக்கநுகர்வோர்’ என்று எழுதிவருகிறேன். நாக்கு தடுக்கினால் சொல்லுங்கள்.