ஞானஸ்நானமா, சான்றிதழா? செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: தென்காசிக்காரன்

அனைவருக்கும் தோத்திரம். நானும் மனைவியும் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சபைக்குச் சென்றுவருகிறோம். ஆனால் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, சாதிச் சான்றிதழில் இன்றும் 'இந்து ஆதிதிராவிடர்' என்றே இருக்கிறது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், வரும் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தே தீருவேன் என்கிறாள். அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. "வேலைக்குப் போன பிறகு எடுக்கட்டும், இயேசு எங்கே ஓடிப்போகப் போகிறார்?" என்பது என் அண்ணனின் வாதம். நேற்றிரவு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அப்பா, விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் நான் என்ன எழுதுவது?" என்று கேட்டாள். வாயில் சோறு இருந்ததால் அப்போதைக்குத் தப்பித்தேன். அவள் இழக்கப்போவது எவ்வளவு, பெறப்போவது என்ன என்பதை அனுபவப்பட்டவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பழைய வருவாய்த்துறை

ஐயா, இழப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு கட்டிப்போட்டது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியேதான். தமிழகத்தில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார் என்பதால், பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிட்டிருக்க வேண்டிய மகள், பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவீதத்தில், எங்கள் காலத்திலேயே பட்டதாரிகள் நிறைந்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகும். எல்லாமே போய்விடாது: மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு, ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், மருத்துவ இடங்களில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஞானஸ்நானம் எடுத்துவிட்டுப் பழைய சான்றிதழையே காட்டிக்கொள்ளலாம் என்று சபையில் யாராவது ஆலோசனை சொன்னால் கேட்க வேண்டாம். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது.

பதில்: மூத்த மகள்

சகோதரரே, நான் பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். என் தங்கை எடுக்கவில்லை. அவள் இன்று அரசு ஊழியர். நான் ஒரு தனியார் பள்ளியில் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன், ஓய்வூதியம் என்ற சொல்லே எங்கள் பள்ளியில் கிடையாது. அம்மாவின் மருந்துச் செலவு தங்கையின் சம்பளத்தில்தான் நடக்கிறது, ஆகவே அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தால் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். யாராவது கைப்பேசியைத் தூக்கினால், வியர்வை துடைப்பவளைப்போல முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஞானஸ்நானம் எடுத்தவர்கள் அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவாள். நான் பெற்றது என்னவென்று கேட்டால், முன்வரிசையில் முகத்தை மூடாமல் உட்கார்ந்திருப்பதைத்தான் சொல்லத் தெரிகிறது. அது போதுமா என்று மாதக் கடைசியில் கேட்டால் வேறு பதில் வரும்.

பதில்: வடக்கன்குளத்தான்

எங்கள் ஊரில்தான் 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனைப் பணியிலிருந்தவர். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அதே ஊரில் 1872இல் எழுந்த ஆலயம், இரண்டு சாதித் தொகுதியினர் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தை நோக்கி உட்காரும்படி இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது; நடுவிலிருந்த தடுப்பை 1910இல்தான் இடித்தார்கள். சான்றிதழ் மாறினால் சாதியும் உதிர்ந்துவிடும் என்று மகள் நம்பிக்கொண்டிருந்தால், ஞானஸ்நானத்துக்கு முன் உங்கள் பகுதிக் கல்லறைத் தோட்டங்களை அவளுக்கு ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் எடுப்பேன் என்றால் தடுக்காதீர்கள்.

தென்காசிக்காரன்

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மகளிடம் வாசித்துக் காட்டினேன். முந்தானை விஷயத்தை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். திங்கட்கிழமை ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் உதவித்தொகை பற்றி விசாரிக்கப் போகிறேன். ஈஸ்டருக்கு அவளோடு நானும் எடுப்பதா என்ற பேச்சும் வீட்டில் வந்திருக்கிறது. மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.