ஓருயிராதல்: ஐகாரம் ஒற்றை உயிராவதற்கு ஒரு சொல்

பாலக்கோட்டிலிருந்து:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஐ, ஔ போல ஓர் உயிரொலியில் தொடங்கி இன்னொன்றை நோக்கி நகரும் கூட்டுயிர் ஒன்று அந்த நகர்வை இழந்து ஒற்றை உயிராக நின்றுவிடுவதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சு போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வந்த சொற்கள் இரண்டு. புலவர் ஐயா 'உயிர்க்குறுக்கம்' என்றார். இன்னொரு நண்பர் 'தனியுயிராக்கம்' என்றார். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

ஓசூர் பேருந்து நிலையம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஒருவர் 'தலவலி' என்று மாத்திரை கேட்பார். அடுத்தவர் 'தலெநோவு' என்பார். அவருக்குப் பின்னால் நிற்பவர் 'தலநொப்பி' என்பார். மூவருக்கும் ஒரே அட்டையிலிருந்துதான் மாத்திரை கிடைக்கும். நாம் 'தலை' என்று எழுதும் சொல் தமிழர் பேச்சில் தல, கன்னடத்தில் தலெ, தெலுங்கில் தல. அகரத்தில் தொடங்கி இகரத்தை நோக்கி நாக்கு ஏறும் அந்த அசைவு மூன்றிலும் இல்லை. தொல்காப்பியர் 'அகர இகரம் ஐகாரம் ஆகும்' என்றது இந்த அசைவைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

ஒகேனக்கல், அதாவது கன்னடத்தில் புகையும் கல், என்ற பெயரிலும் இதே மாற்றம் இருக்கிறது. நம் புகைதான் கன்னடத்தில் 'ஹொகெ' ஆனது. பகரம் ஹகரமாயிற்று, உகரம் ஒகரமாயிற்று, ஐகாரம் எகரமாயிற்று.

இப்போது புலவர் ஐயாவின் சொல்லுக்கு வருகிறேன். ஐகாரக்குறுக்கம் என்பது நம் இலக்கணம் தந்த அருமையான பெயர். ஆனால் அது அளவைப் பற்றியது. 'தலை'யின் ஈற்று ஐகாரம் 2 மாத்திரையிலிருந்து 1 மாத்திரையாகக் குறைகிறது என்று அது சொல்கிறது. குறைந்த பிறகும் அது ஐகாரம்தான். நாம் பெயர் தேடுவதோ ஐகாரம் ஐகாரமாகவே இல்லாமல் போவதற்கு. அப்படிப் போகும்போது அளவு குறைந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. வடமொழியின் கௌதமர் பாலியில் கோதமர். தைலம் அங்கே 'தேல'. ஔகாரம் ஓகாரமாகவும் ஐகாரம் ஏகாரமாகவும் மாறின. நெடில் நெடிலாகவே இருக்கிறது, எதுவும் குறுகவில்லை. அதே பாலியில் மைத்ரி 'மெத்தா' ஆகும்போது, பின்னால் இரட்டை மெய் வருவதால், குறில் எகரம் வருகிறது. நீளம் சூழலைப் பொறுத்து மாறுகிறது, நகர்வு போவது மட்டும் எல்லா இடத்திலும் பொது. அந்தப் பொதுவான கூற்றைத்தான் சொல்லில் வைக்கவேண்டும், ஐயா.

'தனியுயிராக்கம்' பொருளில் சரி. ஆனால் ஆக்கம் என்றால் யாரோ செய்ததாகப் படுகிறது. யாரும் கூடி உட்கார்ந்து 'தலை'யைத் 'தல' ஆக்கவில்லை, அது ஆனது. அதனால் ஆதல்.

என் முன்மொழிவு: கூட்டுயிருக்கு ஈருயிர். மாற்றத்துக்கு ஓருயிராதல். எதிர்த்திசை மாற்றத்துக்கு ஈருயிராதல். வினையாகவும் ஓடும்: 'இங்கே ஐகாரம் ஓருயிராகிறது.' இரண்டு திசைக்கும் சொல் வேண்டும் என்பதற்கு ஆங்கிலத்தின் 'டைம்' நல்ல சான்று. 600 ஆண்டுகளுக்கு முன் அதன் உயிர் நெடிய ஈகாரம், ஏறக்குறைய 'டீம்' என்பது போல. பிறகு ஆங்கில நெடில்கள் இடம் மாறிய 'பெரிய உயிர்மாற்ற'த்தில் அது ஈருயிராகி 'டைம்' ஆனது. அமெரிக்கத் தெற்குப் பகுதியினர் வாயில் அது மறுபடி ஓருயிராகி 'டாம்' என்று ஒலிக்கிறது.

நாமும் இதைத் தினமும் செய்கிறோம். ரோடு, கேட், கேக், போன் எல்லாம் இன்றைய லண்டன் உச்சரிப்பில் ஈருயிர்கள். நம் வாயில் நேரான ஓகாரம், ஏகாரம். அதே நாம் 'லைட்'டில் ஐகாரத்தை விடுவதில்லை. கை, பை, மை போல ஓரசைச் சொல்லில் ஐகாரம் நமக்கு உறுதியாக நிற்பதும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது.

ஓசூரிலிருந்து:

தம்பி, வணக்கம். மருந்துக் கடைச் செய்தி உண்மை. எங்கள் வீட்டிலேயே மூன்று மொழியும் ஓடுகிறது.

ஒரு திருத்தம். 'நம் புகை கன்னடத்தில் ஹொகெ ஆனது' என்று எழுதாதீர்கள். தலை, தலெ, தல மூன்றும் பழைய 'தலய்' போன்ற ஒரு மூலவடிவிலிருந்து தனித்தனியே வந்த உடன்பிறப்புகள். எழுத்துத் தமிழ் பழைய ஈற்றை அதிகம் காத்திருக்கிறது, அவ்வளவுதான். கலைச்சொல் விளக்கத்தில் இப்படி ஒரு வரி போனால் கன்னடக்காரர்கள் வருத்தப்படுவார்கள். வருத்தம் ஒருபுறம், செய்தியே தவறு.

அப்புறம், ஈருயிர். பிள்ளைத்தாய்ச்சியை ஈருயிர்க்காரி என்று சொல்லும் வழக்கு உண்டே, குழம்பாதா? தேங்காய் 'தேங்கா' ஆவதும் மாங்காய் 'மாங்கா' ஆவதும் இதில் சேருமா? ஔவை 'அவ்வை' ஆவது?

பாலக்கோட்டிலிருந்து:

அக்கா, திருத்தத்துக்கு நன்றி. நான் எழுதியது தவறுதான். விளக்கத்தில் மூலவடிவைச் சொல்லியே எழுதுகிறேன்.

ஈருயிர்க்காரி குழப்பம் வராது என்று நம்புகிறேன். எழுத்திலக்கணத்தில் உயிர் என்றாலே உயிரெழுத்துதான், அங்கே யாரும் மூச்சை நினைப்பதில்லை.

தேங்காயைச் சேர்க்கவேண்டாம். ஆய் என்பதில் யகரம் நம் இலக்கணப்படி மெய். அது விழுந்தால் மெய் கெட்டது என்று சொல்ல ஏற்கெனவே வழி இருக்கிறது.

ஔவைதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஔவையைப் போற்றிய அதியமானின் தகடூர்க்காரன் என்பதால் இன்னும். ஔவை, அவ்வை இரண்டிலும் முதலில் கேட்பது ஒரே ஒலி, எழுத்துதான் வேறு. ஔகாரத்தை 'அவ்' என்று எழுதலாம் என்பது பழைய விதி. ஆகவே முதலெழுத்தில் எதுவும் ஓருயிராகவில்லை. மாற்றம் நடப்பது சொல்லின் கடைசியில். அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பாட்டியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், 'அவ்வ' என்பார். அந்த வகரத்தின் மேல்தான் ஓருயிராதல் இருக்கிறது. எடுத்துக்காட்டு வரிசையில் 'தலை'க்கு அடுத்து அதை வைக்கிறேன். புலவர் ஐயா இசைந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிவை முடித்து அனுப்புகிறேன்.